லாச்சிக் காசும் திரும்பி வாற ஆக்களும்

கல்லடி, மட்டக்களப்பு
மே 2025

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீ வட்ஸ்அப்பில் அனுப்பின உன் சலூன் கணக்குக் கொப்பியை ஒரு பக்கமும் விடாமல் பார்த்தேன். போனில் கதைத்தால் இடையில் சலூனுக்கு ஆள் வந்துவிடும், அதுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் வருமானம் போன வருஷத்தைவிட விழுந்துவிட்டது, கல்முனையில் புதுக் கடைகள் கூடினதுதான் காரணம் என்று கவலைப்பட்டாய். நாட்காட்டியை எடுத்துப் பார். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரை வருஷமும் ஏப்ரலில் ஒரே கிழமையில் வந்தன. இந்த வருஷம் பெருநாள் மார்ச் 31. சாய்ந்தமருது, மருதமுனைப் பிள்ளைகள் எல்லாம் மார்ச்சிலேயே வந்து போய்விட்டார்கள். மார்ச்சையும் ஏப்ரலையும் சேர்த்துக் கூட்டினேன்: போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. பெருநாள் வருஷாவருஷம் பத்துப் பதினொரு நாள் முந்தும். ஆகவே மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதே, பெருநாளுக்குப் பெருநாளும், ஆடிக்கு ஆடியும் ஒப்பிடு.

என் கவலை வேறு. கொப்பியில் 'கலர் 6,500' என்று மட்டும் இருக்கிறது. யாருக்கு? முதல் தரம் வந்தவவா, பழைய ஆளா? கடையில் வேலை செய்கிற எந்தப் பிள்ளை செய்தது? கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் கணக்கெழுதின எனக்கு, பெயரில்லாத வரவைக் கண்டால் மனம் பொறுக்காது. மேசை லாச்சியில் விழுந்த காசு இன்றைய கதையைத்தான் சொல்லும். வந்தவ திரும்பி வாறாவா என்பதுதான் அடுத்த வருஷத்தைச் சொல்லும்.

அதையும் எல்லாருக்கும் ஒரே அளவுகோலால் பார்க்க ஏலாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். நரைக்குக் கலர் அடித்தவவுக்கு ஐந்தாறு கிழமையில் வேர் வெள்ளையாகத் தெரியும். இரண்டு மாதமாகியும் காணவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விட்டா என்று யோசி. வெட்டினவவுக்கு இரண்டு மூன்று மாதம் விடு. முடியை நேராக்குகிற ஸ்ட்ரெய்ட்னிங் செய்தவ அரை வருஷம் வராவிட்டாலும் குறையில்லை. போன் நம்பர் தர விரும்பாதவர்களை வற்புறுத்தாதே; பெயரையும் ஊரையும் எழுதினாலே போதும்.

அடுத்தது கதிரை. இரண்டு கதிரை, நாளுக்கு ஒன்பது மணித்தியாலம், மாதம் 26 நாள்: 468 மணித்தியாலம். அதில் 210தான் ஆள் இருந்தது என்றால் நூற்றுக்கு 45. மூன்றாவது கதிரை வாங்கும் யோசனையை இப்போதைக்கு விடு, மகள். வெறுமையாகக் கிடக்கிற காலை நேரத்துக்கு, மூன்று நாலு மணித்தியாலம் பிடிக்கிற ஸ்ட்ரெய்ட்னிங் வேலையைத் தள்ளு. பின்நேரம் வேலை முடிந்து வாற ஆக்களுக்கு அப்போது இடம் கிடைக்கும்.

போன முறை வந்தபோது கலர் கலக்கிற கோப்பையைக் கவனித்தேன். தோள்வரை முடிக்குக் கலக்கினதில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கிரீம் மிஞ்சிக் கிடந்தது, கலக்கின பிள்ளை அப்படியே கழுவி ஊற்றியது. 2022இல் டொலர் ஏறினபோது ஒரு டியூப் என்ன விலைக்குப் போனது என்று உனக்குத் தெரியும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, கிராம் கணக்கில் நிறுத்துக் கலக்கச் சொல். மாத வருமானத்தில் நூற்றுக்கு எத்தனை கிரீமுக்கும் ஷாம்புவுக்கும் போகிறது என்று தனியாக எழுது. அது ஏறினால் உடனே விலையைக் கூட்டாதே, முதலில் கோப்பையைப் பார்.

அதற்காக அந்தப் பிள்ளையை ஏசிப்போடாதே. நான் இருந்த நேரத்திலேயே இரண்டு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்தார்கள். 'செய்தவர்' என்று ஒரு நிரல் போட்டு எழுதினால் அவளுடைய பெறுமதி உனக்கே விளங்கும். வேறு கடைக்காரர் கூப்பிட முதல் சம்பளத்தைக் கூட்டிக் கொடு.

நாளைக்கே புதுக் கொப்பியில் கோடு போடு: திகதி, பெயர், ஊர், வேலை, செய்தவர், எடுத்த நேரம், காசு. மாதம் முடிய எனக்குப் படம் அனுப்பு, கூட்டல் கழித்தலை நான் பார்க்கிறேன். மருமகனைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா