சிவப்பு முனைக்குத் தமிழ் விளக்கம் தேவை

ஐயா,

காண்டாக்ட் லென்ஸ் பராமரிப்பு பற்றிய தங்கள் நலவாழ்வுப் பக்கக் கட்டுரை, கழுவும் திரவத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. எல்லாத் திரவமும் ஒன்றல்ல. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதை அதனுடன் தரும் தனி டப்பாவில் ஊற்றி, லென்ஸை 6 மணி நேரமாவது ஊறவிட வேண்டும். அதற்குள் அது தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். பிரியாமல் கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கும்.

சென்ற மாதம் என் மகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதிலேயே லென்ஸை அலசி மாட்டிக்கொண்டாள். இறுக மூடிய இமையைப் பிரித்து லென்ஸை எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புட்டியின் சிவப்பு முனையே எச்சரிக்கைதான் என்பது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. வாசகமோ பொடி எழுத்து ஆங்கிலத்தில்! 'நேரடியாகக் கண்ணில் படக் கூடாது' என்று தமிழிலும் பெரிதாக அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆவன செய்ய வேண்டும்.