அடுத்தவர் எழுதிய பாட்டு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. “எங்க சொந்தப் பாட்டு மூணு பாடினோம்ப்பா, ஒருத்தரும் நிமிரல. கடைசியில ‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ எடுத்ததும் மேசையைத் தட்டி ஆடுறாங்க. அடுத்தவங்க பாட்டுக்குத்தான் கைதட்டுன்னா நான் எதுக்குப் பாடணும்?” என்றாய். பேண்டைக் கலைத்துவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னாய். பேச்சில் எனக்கு வராதது எழுத்தில் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அன்றைக்குப் பாடியதை உலகமே அமெரிக்க ராக் பாடகி ஜோன் ஜெட்டின் பாட்டு என்றுதான் சொல்கிறது. 1982 மார்ச் 20-ஆம் தேதி அதிகம் ஓடும் பாட்டுகளை வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி, ஏழு வாரம் இறங்காமல் நின்றது. அதற்கு முன் ஜெட்டைத் தெரிந்தவர்கள் ராக் இசையே கதி என்று கிடந்தவர்கள் மட்டும். அதற்குப் பின் அந்த ஊரில் ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாப்பா, அந்தப் பாட்டில் ஒரு வரிகூட ஜெட் எழுதியதில்லை. உனக்கு அது எப்படி அடுத்தவர் பாட்டோ, அவருக்கும் அப்படித்தான்.

எழுதியவர்கள் ஆலன் மெரில், ஜேக் ஹூக்கர் என்ற இருவர். லண்டனில் ‘ஏரோஸ்’ என்ற பேண்டில் இருந்தவர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பேண்டுக்காரர்கள் ‘இது வெறும் ராக் அண்ட் ரோல்தானே’ என்கிற மாதிரி ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். அது ஏதோ மன்னிப்புக் கேட்பது போல இருக்கிறதே என்று தோன்றி, அதற்குப் பதிலாக எழுதியதுதான் இது என்று மெரில் பின்னால் சொல்லியிருக்கிறார். 1975-ல் ரெக்கார்டு வந்தது. முதலில் இதைத் தட்டின் பின்பக்கத்தில்தான், பெரிதாக நம்பாத பாட்டைப் போடுகிற இடத்தில்தான், போட்டார்கள். பிறகு முன்பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் ஓடவில்லை.

அடுத்த வருஷம் ‘ரனவேஸ்’ என்ற பெண்கள் பேண்டு அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கச்சேரிக்குப் போனது. அதில் ரிதம் கிட்டார் வாசித்த பதினேழு பதினெட்டு வயதுப் பெண்தான் ஜெட். தங்கியிருந்த இடத்தில் டிவியைப் போட்டால் ஏரோஸ்காரர்கள் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிமிடமே இது தன் பாட்டு என்று அந்தப் பெண்ணுக்குப் பட்டுவிட்டது. ஆலன் மெரில் 2020-ல் நியூயார்க்கில் கொரோனாவில் இறந்தபோதுகூட, லண்டனில் டிவியில் அவர்களைப் பார்த்து அசந்துபோனதை நினைவுகூர்ந்துதான் ஜெட் இரங்கல் எழுதினார்.

அசந்துபோனதோடு அவர் விடவில்லை. தன் பேண்டிடம் சொல்லிப் பார்த்தார். மற்றவர்களுக்கு அதில் மனம் செல்லவில்லை. 1979-ல் ரனவேஸ் கலைந்தது. அதே வருஷம் லண்டனுக்குப் போய், செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்டின் ஸ்டீவ் ஜோன்ஸையும் பால் குக்கையும் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டை ஒருமுறை பதிவு செய்தார். அது ஹாலந்தில் ஒரு சிங்கிளின், அதாவது ஒற்றைப் பாட்டுக்காக வரும் தட்டின், பின்பக்கமாக வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பிறகு ‘பிளாக்ஹார்ட்ஸ்’ என்று புதிதாகப் பேண்டு சேர்த்து, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார். அதுதான் 1982-ல் நாடு முழுக்கக் கேட்டது. தோற்ற பாட்டு, இருமுறை பின்பக்கத்தில் கிடந்த பாட்டு. ஆறு வருஷம் ஒரு பெண் அதைக் கைவிடாமல் வைத்திருந்தார்.

நான் கோயில் கொடைகளில் ரிதம் கிட்டார் வாசித்து வயிறு வளர்த்தவன். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் வாசித்த ஒரு பாட்டும் எங்களுடையது இல்லை. எல்லாம் எம்.எஸ்.வி., எல்லாம் இளையராஜா. அதனால் உன்னைவிட எனக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடவே தெரியும் என்ற உரிமையில் சொல்கிறேன். அடுத்தவர் பாட்டைப் பாடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அசலைப் பாடியவர் மாதிரியே பாடிக் காட்டுவது. அதற்கும் கைதட்டு வரும், கீழே இறங்கியதும் மறந்துவிடுவார்கள். இன்னொன்று, இந்தப் பாட்டை நான் ஏன் பாட வேண்டும் என்று ஒரு காரணத்தோடு மேடை ஏறுவது. ‘குறையொன்றுமில்லை’ எழுதியவர் ராஜாஜி. நம் வீட்டில் அதை யாராவது ராஜாஜி பாட்டு என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எம்.எஸ். பாட்டு என்றுதானே உன் ஆச்சி சொல்வாள்.

ஜெட்டிடம் அந்தக் காரணம் இருந்தது. ஏரோஸ் பாட்டில், காசு போட்டால் பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஆடுகிறாள். அவளைப் பார்த்து நெருங்குகிறவன் ஆண். ஜெட் பாடும்போது ஆடுபவன் பையன், பார்ப்பவள் பெண். பெட்டியில் இன்னொரு காசு போடச் சொல்வது, போய்ப் பேசுவது, கூட்டிக்கொண்டு கிளம்புவது எல்லாம் அவள். மாறியது நாலைந்து சொல்தான். ஆனால் பாட்டின் நடை முழுக்க மாறிவிடுகிறது. சிறுவயதில் கிட்டார் கற்கப் போனபோது, பெண்கள் ராக் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் சொன்னதாகவும், அதற்குமேல் அந்த வகுப்புக்குப் போகவில்லை என்றும் ஜெட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுமிதான் இந்தக் குரலில் பதில் சொல்கிறாள் என்று எனக்கு ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தோன்றும். மெரிலும் ஹூக்கரும் நல்ல பாட்டு எழுதினார்கள், அதில் சந்தேகமில்லை. அவர்கள் வாயில் அது ஓர் ஆசை. இவர் வாயில் அது உரிமை.

வாசிப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ அனுப்பிய வீடியோவில் உங்கள் டிரம்ஸ் பையன் தாளத்தில் முந்தி ஓடுகிறான். இந்தப் பாட்டு அப்படி வேகமாக ஓடக்கூடாது. ஜெட்டின் பதிவு நிமிடத்துக்கு 95 தாள அடியை ஒட்டித்தான் நடக்கிறது. ராக் பாட்டுக்கு அது நிதானம். அந்த நிதானத்தில்தான் கேட்கிறவன் தானாகவே கையைத் தட்ட ஆரம்பிக்கிறான். கார்டு, அதாவது கிட்டாரில் சேர்த்து அடிக்கிற சுரக்கூட்டு, என்று பார்த்தால் ஈ, ஏ, பி, அவ்வளவுதான். நம் தெருவில் கிட்டார் எடுத்த எந்தப் பையனும் ஒரே வாரத்தில் வாசித்துவிடுவான். ஜெட் கையில் இருந்ததும் கிப்சன் மெலடி மேக்கர், கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்காகக் குறைந்த விலையில் போட்ட மாடல். அருமை எங்கே இருக்கிறது என்றால், மூன்று கார்டுக்கு நடுவில் விடுகிற இடைவெளியில். அடித்துவிட்டு உள்ளங்கையால் கம்பியை அமுக்கி நிறுத்த வேண்டும். நீங்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறீர்கள். கடைசிப் பகுதியில் கிட்டார் முழுக்க விலகிக்கொண்டு குரலும் டிரம்ஸும் கைதட்டலும் மட்டும் நிற்குமே, அங்கே ஒருவரும் எதையும் தொடாதீர்கள். கூட்டத்தைப் பாட விடு.

இனி உன் சொந்தப் பாட்டுக்கு வருகிறேன். ஜெட்டிடமும் சொந்தப் பாட்டு இருந்தது. ‘பேட் ரெபுடேஷன்’ அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து எழுதியது. அது வந்தபோது பட்டியலில் தலைகாட்டவில்லை. இந்தப் பாட்டுக்கு அடுத்து பெரிதாக ஓடிய ‘கிரிம்சன் அண்ட் க்ளோவர்’ கூட 1968-ல் டாமி ஜேம்ஸ் பாடியதுதான். அது ஏழாவது இடம் வரை போயிற்று. அடுத்தவர் பாட்டால் கதவு திறந்தது. உள்ளே வந்தவர்கள் அங்கேயே இருந்து அவருடைய பாட்டையும் கேட்டார்கள். 1999-ல் ஓர் அமெரிக்க டிவி தொடருக்கு அந்த ‘பேட் ரெபுடேஷன்’ முகப்புப் பாட்டாகப் போய், அது முதலில் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளும் பாட ஆரம்பித்தார்கள். 2015-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஜெட்டையும் பிளாக்ஹார்ட்ஸையும் சேர்த்தார்கள். உன் மூன்று பாட்டில் இரண்டாவது எனக்கு மிகவும் பிடிக்கும். அதை ஆரம்பத்தில் பாடி வீணாக்காதே. ‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ முடிந்த கையோடு, கைதட்டல் அடங்குவதற்குள், டிரம்ஸ் நிற்காமல் அதற்குள் நுழை. கச்சேரியில் வரிசை என்பது பாதி வித்தை. நாங்கள் நள்ளிரவில் எழுந்து போகிற கூட்டத்தை இப்படித்தான் உட்கார வைப்போம்.

இந்தக் கதையில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது ஜெட்டைக்கூட இல்லை, கென்னி லகுனா என்ற மனிதரை. ரனவேஸ் கலைந்து ஜெட் தனியாக நின்ற சமயத்தில் கூடச் சேர்ந்த தயாரிப்பாளர். இருவருமாக ஓர் ஆல்பம் செய்து எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தார்கள். 23 கம்பெனி வேண்டாம் என்றது. அனுப்பிய டேப்பில் இந்தப் பாட்டும் இருந்தது என்று ஜெட் சொல்கிறார். நினைத்துப் பார், கையில் வந்ததைக் கேட்டுவிட்டு, இதில் ஓடுகிற பாட்டு ஒன்றும் இல்லை என்று திருப்பியிருக்கிறார்கள். பிறகு லகுனா தன் மகளின் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தார். பிளாக்ஹார்ட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள் ஆரம்பித்து, தட்டு அச்சடித்து, கச்சேரி முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றார்கள். அப்படி விற்றுக் காட்டியபிறகுதான் போர்டுவாக் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியில் வந்ததுதான் 1982-ன் சிங்கிள்.

பெற்ற பிள்ளையின் படிப்புப் பணத்தை இன்னொரு பெண்ணின் குரலை நம்பி எடுத்த ஒரு தகப்பன். எவ்வளவு பயந்திருப்பார். பாட்டு முதலிடத்துக்கு வந்த அன்று அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது, தெரிந்துகொள்ள.

எனக்கு அந்த அளவு தைரியம் தேவைப்படவில்லை, ஏனென்றால் நான் நம்புவது என் மகளின் குரலையேதான். உன் கல்யாண நகைக்கென்று போட்டுவந்த சீட்டு வருகிற பங்குனியோடு முடிகிறது. அதை எடுத்து நீங்கள் ஒழுங்காக ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து நாலு பாட்டும் பதிவு செய்ய வேண்டும். மூன்று உங்களுடையது, ஒன்று அந்த அடுத்தவர் பாட்டு. அதைப் போடும்போது எழுதியவர்கள் பெயரை மறக்காமல் போடுங்கள். உரிமைக்குக் கட்ட வேண்டியதையும் முறையாகக் கட்டிவிடுங்கள். அம்மா என்ன சொல்வாளோ என்று யோசிக்காதே. சீட்டுப் பணத்தைப் பற்றி முதலில் பேச்செடுத்ததே அவள்தான். நகை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

ஸ்டூடியோவில் நாள் வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுது. டிரம்ஸ் பையனைத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் போட்டுத் தினமும் வாசிக்கச் சொல். 95, அதற்கு மேல் வேண்டாம்.

உன்
அப்பா