ஏழு மாலைகளும் ஒரு தப்பான தேதியும்

எங்கள் பல்கலைக்கழக லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இந்தப் பருவம் நடந்த ஏழு மாலை நிகழ்ச்சிகளும் நல்லபடியாக முடிந்தன. அடுத்த பருவ அறிவிப்புகளை எழுத உட்கார்ந்தேன். சரி, முதலில் நன்றி சொல்லிவிடலாம்.

'லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியமும் நடனமுமா?' என்று எங்களைக் கேட்காத ஆளில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தொடரே. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயர் குறித்தது ஏழு பாடங்களை: இலக்கணம், தர்க்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். பாடத்துக்கு ஒரு மாலை.

இசையைக் கணக்கோடு சேர்த்தது ஏன் என்று எனக்கே சரியாக விளக்க வராது. மரப்பட்டறை அண்ணன் ஒரு பலகையில் ஒற்றைத் தந்தி கட்டிக் கொடுத்தார். தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ஸ்தாயி ஸ; மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிரவிட்டால் ப. அரங்கமே வாய் திறந்து கேட்டது. அண்ணா, அந்தப் பலகையைத் திருப்பித் தருவதாக இல்லை, மன்னியுங்கள்.

சொற்கலை மாலையில் இரண்டு மணி நேரம் நின்றபடியே சைகை மொழியில் பெயர்த்தவருக்கு நன்றி. தொலைநோக்கி தந்த இயற்பியல் துறையினருக்கும்தான். முதல் நாள் மேகம் ஏமாற்றியது. முகம் சுளிக்காமல் இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்கி வந்தார்கள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த வியாழனின் நான்கு நிலவுகளையும் வரிசையில் நின்று பார்த்தோம்.

அப்புறம், என் தவறு. வடிவியல் 'மாலை' மட்டும் நண்பகலில், நிழல் வேண்டுமே! சுவரொட்டியில் கிழமை சரி, தேதி தப்பு. நூலகத்து அம்மா ஒருவர் அதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பேனாவால் திருத்தியிருக்கிறார். அன்று முற்றம் நிறைந்ததற்கு அவர்தான் காரணம். எனக்கு இது தெரிந்ததே மறுவாரம்.

அந்த நண்பகலின் தொடர்ச்சிதான் அடுத்த பருவத்தின் முதல் நிகழ்ச்சி. செப்டம்பர் 22 அல்லது 23-ல் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். அன்று உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் அளந்தால், இரண்டு கோணங்களின் வித்தியாசத்தையும் இடைப்பட்ட தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவைப் போட்டுவிடலாம். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இந்த மாதிரிக் கணக்குதான். அந்தத் திசைகளில் நண்பர்கள் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள். ஒரு கோலும் அளவு நாடாவும் போதும்.

தேதியை இந்த முறை நூலகத்து அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.