நாற்பதாவது கேள்வி: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கும், பார்க்கின்சன் நோயை ஆராய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைக் கையால்தான் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரிக்குள் எழுத்துகள் எறும்புகளாகச் சுருங்கிவிட்டன. இப்போது தட்டச்சு செய்கிறேன். வலது கைச் சுட்டுவிரல் ஒரே எழுத்தை மூன்று முறை அடித்துவிடுகிறது, அழித்து அழித்துப் போகிறேன். காலை மாத்திரை பிடித்துக்கொண்ட பிறகு, அதன் வேகம் வடிவதற்குள் எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மொத்தம் 39 கேள்விகள். பார்க்கின்சன் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் படிவம் அது. 1990களில் ஆக்ஸ்ஃபோர்டில், நோயாளிகளிடமே பேசிக் கேட்டு உருவாக்கினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு முதலில் மனம் வரவில்லை. கை நடுக்கத்தையும் நடையையும் மட்டுமே மதிப்பெண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நாலு பேர் முன்னால் சங்கடப்பட்டீர்களா, தனிமையாக உணர்ந்தீர்களா என்று கேட்க முன்வந்ததே பெரிய காரியம்தான். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' என்பதுவரை ஐந்து கட்டங்கள்.

வீட்டைப் பராமரிப்பதில், அதாவது பழுது பார்ப்பது, வீட்டு வேலை, சமையல் போன்றவற்றில் கடந்த ஒரு மாதத்தில் சிரமம் இருந்ததா என்று ஒரு கேள்வி. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் அதே படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட, அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "ஒருபோதும் இல்லை" என்றார். அந்த அம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறியிட்டார். பெரியவர் பொய் சொல்லவில்லை. அடுப்பங்கரைப் பக்கமே போகாதவருக்குச் சமையலில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது? நான் 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் எழுந்து நடந்தபோது பார்த்தேன், அவருக்கு நோய் என்னைவிட முற்றியிருந்தது. ஆனால் அந்த ஒரு வரியில் அவருக்குச் சுழியம், எனக்கு நான்கு. அந்த நான்கு புள்ளிகளில் நோய்க்கு எவ்வளவு, இரண்டு வீடுகளிலும் வேலை பிரிந்திருக்கும் விதத்துக்கு எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா?

இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொரு கேள்வி: உங்களுக்கு வேண்டிய வகையில் கணவரிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ ஆதரவு கிடைக்காமல் போனதா? துணை இல்லாதவர்கள் குறியிடத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எனக்குத் துணை இருக்கிறார், நல்ல மனிதர். இதய அறுவை சிகிச்சை ஆனவர். அவருடைய மாத்திரைப் பெட்டியையும் நான்தான் நிரப்புகிறேன். நாளொன்றுக்கு அவருக்கு எட்டு, எனக்குப் பதினொன்று. அட்டையிலிருந்து பிதுக்கும்போது அவருடைய சின்ன வெள்ளை மாத்திரை துள்ளித் தரையில் உருண்டு ஓடும். குனிந்து தேடி எடுத்து நிமிர்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். இப்போது மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் வைத்துப் பிதுக்குகிறேன். துண்டில் விழுந்த மாத்திரை உருளாது. ஆதரவு கிடைக்கிறதா என்று கேட்கும் படிவம், ஆதரவு கொடுத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்கவில்லை. நாற்பதாவதாக அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்: நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

இந்த நோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய கட்டுரையில் ஆறு நோயாளிகள். ஆறு பேரும் ஆண்கள். அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார், ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பெண் அவர் கண்ணில் பட வாய்ப்பில்லை. அவர்மேல் வருத்தமில்லை, இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதை. ஆனால் மருந்து ஆய்வுகளில் இன்றைக்கும் பெண்கள், நோயுற்ற பெண்களின் விகிதத்தைவிடக் குறைவாகவே சேர்க்கப்படுகிறார்கள்.

அதன் விலையை நாங்கள் உடம்பில் கொடுக்கிறோம். இந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபாவின் 100 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ எடையுள்ளவர் விழுங்கினால் கிலோவுக்கு 1.25 மில்லிகிராம். 48 கிலோ எடையுள்ள நான் விழுங்கினால் இரண்டுக்கும் மேல். பெண்களின் ரத்தத்தில் இந்த மருந்து கூடுதல் அளவில் சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். உடம்பு தன்னிச்சையாக நெளியும் பக்கவிளைவு பெண்களுக்கு அதிகம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எனக்கு நான்காவது ஆண்டிலேயே அது வந்துவிட்டது. தோள் ஒரு பக்கம் ஆடும், தலை வேறு பக்கம் சாயும். நடுக்கத்தைப் பார்த்தால் பாவம் என்பார்கள். இந்த நெளிவைப் பார்த்தால் குடித்திருக்கிறாளோ என்று நினைப்பார்கள். என் எடையைக் குறித்துவைத்துக்கொள்கிறீர்கள், ஆனால் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கிறீர்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

சோர்வு, வலி, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை பெண் நோயாளிகளிடம் கூடுதல் என்று உங்கள் ஆய்வுகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் நாங்கள் அதையே வாயால் சொன்னால், "மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்கிறீர்கள். எனக்கு நடுக்கத்துக்கு முன்பே வந்தது தோள் வலி. ஒன்றரை ஆண்டு தோளுக்கு வைத்தியம் பார்த்தேன். வேலைப்பளு என்றார்கள், வயதுக் கோளாறு என்றார்கள், ஒருவர் கவலைக்கு மாத்திரை எழுதினார். கை ஆடத் தொடங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரின் வாசலுக்கே வந்தேன். நடுக்கத்தை யாரும் மனப்பிரமை என்று சொல்ல முடியாது, அந்த வகையில் அதற்கு நன்றி.

முகம் இறுகிப்போவதும் உண்டு. அதே இறுக்கம் ஆணுக்கு வந்தால் கம்பீரம், பெண்ணுக்கு வந்தால் சிடுசிடுப்பு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நேரம் போய்விடும்.

நாற்பதுகளில் நோய் வந்த பெண்கள் பலர், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மாத்திரை ஒழுங்காக வேலை செய்வதில்லை என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் எந்த மருத்துவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. 39 கேள்விகளிலும் அது இல்லை. நானாகச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள், குறிப்பேட்டில் ஏறவில்லை.

ஆண்களுக்கு எல்லாம் சரியாகக் கிடைக்கிறது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். தூக்கத்தில் கத்திக் கைகாலை வீசுவது, எச்சில் ஒழுகுவது, நினைவு மங்குவது, தாம்பத்தியத்தில் வரும் சிக்கல் எல்லாம் அவர்களைத்தான் அதிகம் படுத்துகின்றன. அந்தப் பெரியவரிடம் மருத்துவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் உள்ளே அவர் மனைவிதான் பதில் சொல்லியிருப்பார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். வேலையை விட்ட பிறகு அவர் பகல் முழுவதும் என்ன செய்கிறார், எப்போதாவது அழுகிறாரா என்பதை மனைவி முன்னால் அவர் சொல்வாரா? சமையல் கேள்வியில் சுழியம் வாங்கிய அந்த மனிதரின் துயரத்துக்கும் படிவத்தில் சரியான கட்டம் இல்லை என்றே நினைக்கிறேன். ஐந்து நிமிடம் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். எங்களையும்தான். கணவரோ மகனோ உடன் வந்தால், "எப்படி இருக்கிறார்கள்?" என்று அவர்களைப் பார்த்து ஏன் கேட்கிறீர்கள்? நோயாளி நான், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பதாவது கேள்வியால் ஆகப்போவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சைக்குப் பெண்கள் குறைவாகவே வருகிறார்கள், ஏன் என்று கட்டுரைகள் எழுதுகிறீர்கள். என்னிடமும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைப் பற்றிப் பேசினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 'நோயாளிக்குத் தயக்கம்' என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு மூளையைத் திறப்பதில் பயமில்லை. நான் படுத்துக்கிடக்கும் நாட்களில் என் கணவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பது யார் என்பதுதான் என் யோசனை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் குறிப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். வீட்டுக்கு உதவியாளர் ஏற்பாடு செய்வதைப் பற்றிப் பேசியிருப்போம், நாள் குறித்திருப்போம். இதே படிவத்தை வைத்து ஆணையும் பெண்ணையும் ஒப்பிடும் ஆய்வுகளிலும், நோயாளி யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்ற விவரம் ஒரு நெடுவரிசையாகச் சேர்ந்தால் உங்கள் அட்டவணைகள் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் எனக்குத் தேதி இருக்கிறது. அந்தப் படிவத்தை மறுபடி கொடுத்தால் 39ஐயும் ஒழுங்காக நிரப்புவேன். கீழே மிஞ்சும் வெற்றிடத்தில் நாற்பது என்று எண் போட்டு நானே எழுதிவைப்பேன், எழுத்து எறும்பளவு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கால் விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன, மாத்திரை நேரம் வந்துவிட்டது. அவருடையதையும் எடுத்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பது ஆண்டுகளாக உங்கள் வாசலுக்கு வந்துபோகும் ஒருத்தி