வயரை வெட்ட விடாதே

அன்பு மகளுக்கு,

நீ வாங்கிய பழைய காரின் படங்களைப் பார்த்தேன். அதில் என்னென்ன மாட்டப்போகிறாய் என்று நீ அனுப்பிய பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் ரிவர்ஸ் கேமரா. வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியதே அதனால்தான். டச் ஸ்கிரீனையும் கூடவே போட்டுக்கொள். ஆனால் வயரை வெட்டாமல் செருகி இணைக்க, உன் மாடலுக்கென்றே வரும் கப்ளர் வைத்து மாட்டச் சொல். வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் அந்த இடம் நாளாக நாளாகத் தளரும், சூடாகும்.

ஹெட்லைட்டை மாற்றுவது மட்டும் வேண்டாம், கண்ணு. உனக்கு நாலு வயதில் நம் வண்டியில் 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் போட்டேன். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதிகக் கரன்ட்டைத் தனி வயரில் தாங்கிக்கொள்ளும் ரிலே சுவிட்ச் வைக்காமல் பழைய வயரிலேயே ஓட்டினேன். ஒரு ராத்திரி பல்பைப் பிடித்திருக்கும் ஹோல்டர் உருகி இரண்டு விளக்கும் அணைந்தன. நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். கும்மிருட்டில் வண்டியை ஓரம்கட்டிய அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எல்.இ.டி. குறைந்த கரன்ட்தான் எடுக்கும், சரி. ஆனால் பழைய ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் (பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணத்தில்) அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். மஞ்சளடித்த லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டுப் பார், அதிலேயே வித்தியாசம் தெரியும்.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா பார். இருந்தால் சாதாரண சீட் கவர் போடாதே. ஏர்பேக் விரிவதை அது தடுத்துவிடும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் இல்லாத வண்டியில் அவற்றைப் பிறகு சேர்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அப்படிப்பட்ட வண்டி என்றால், பெரிய அலாய் வீலுக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடு.

அப்புறம் சாலையைப் பதிவுசெய்யும் அந்த டாஷ்கேம் கேமரா. நிறுத்திய வண்டியிலும் அது ஓட வேண்டுமென்றால், பேட்டரி இறங்கும்போது தானே துண்டித்துக்கொள்ளும் கிட்டோடு வாங்கு.

எல்லாம் முடிந்ததும், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, டாஷ்கேமை அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் போகிறது என்று மீட்டரில் அளக்கச் சொல். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. மெக்கானிக் அளக்கும்போது நீயும் பக்கத்தில் நின்று பார்த்து, என்ன காட்டியது என்று எனக்கு அன்றைக்கே சொல்.

அன்புடன்,
அப்பா