4 ஜிபி மடிக்கணினிகளை இனி ஏன் விற்பதில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடையில் மிகக் குறைந்த விலையில் கிடைத்துவந்த, 4 ஜிபி ரேமும் (கணினி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமும் (கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் மலிவு வகைச் சிப்) கொண்ட மடிக்கணினிகளை இம்மாதம் முதல் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த விலையை மனத்தில் வைத்துக் கடைக்கு வருவோரிடம், கல்லாவில் கூட்டம் நிற்கும்போது பாதி விளக்கம் சொல்லி அனுப்புவது முறையாகாது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும்தான். அந்த அளவில் கணினி இயங்கத் தொடங்கும்; ஆனால் அதில் நாள்தோறும் வேலை செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. 64 ஜிபியில் பெரும்பகுதியை விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் எடுத்துக்கொள்ள, மிஞ்சும் சிறிய இடத்தைப் படங்களும் பாடக் கோப்புகளும் சில மாதங்களில் நிரப்பிவிடுகின்றன. பிறகு அடுத்த புதுப்பிப்பை இறக்கவே இடம் இருப்பதில்லை. எங்களிடம் வாங்கிய ஆசிரியை ஒருவர் எட்டே மாதங்களில் இந்த நிலையில் கணினியைக் கொண்டுவந்தார். அவருடைய கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றித் தந்ததைத் தவிர எங்களால் வேறு எதுவும் செய்ய இயலவில்லை. ஏனெனில் இஎம்எம்சி, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதைக் கழற்றிப் பெரியதாக மாற்ற முடியாது. அது பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும், உள்ளிருந்த கோப்புகளும் பெரும்பாலும் போய்விடும். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது எடுத்த முடிவுதான் இது.

ஆகவே, எவ்வளவு சிக்கனமாக வாங்கினாலும் 8 ஜிபி ரேமுக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டிக்கும் (இஎம்எம்சியைவிட வேகமான சேமிப்பகம்) கீழே இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான நினைவகமும் ரேமிலிருந்தே எடுக்கப்படுவதால், 8 ஜிபி என்பது முழு 8 ஜிபியாக உங்களுக்குக் கிடைப்பதில்லை. ரேமைக் கூட்ட வசதி உண்டா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். சில மாடல்களில் கூடுதல் ரேமைச் செருகக் காலி ஸ்லாட் இருக்கும், சிலவற்றில் ரேமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு பலர் ஏமாற்றப்பட்டதாகக் கருதுகிறார்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடே அது.

கணினியின் மூளையான பிராசஸரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எடுத்துக்காட்டாக, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 7320யு என்பதில் முதலில் உள்ள 7 வெளிவந்த ஆண்டு வரிசையைத்தான் குறிக்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பை மூன்றாம் இலக்கமான 2 சொல்கிறது, அதாவது அது 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற வடிவமைப்பு. அதனால் அது கெட்ட பிராசஸர் ஆகிவிடாது. நான்கு கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) கொண்ட இன்டெல் என்100 கூட இணையம், கடிதம், கணக்கு, இணையவழி வகுப்பு ஆகியவற்றுக்குப் போதுமானதே. வீடியோ எடிட்டிங் செய்வோர் மட்டும் எங்களிடம் தனியாகப் பேசுங்கள்.

திரையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் ஆங்கில எழுத்து ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் சிறிய அளவில் தமிழ் எழுத்தின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கி, மணிக்கணக்கில் படிப்போர்க்குக் கண் சோர்ந்துவிடுகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத வகை) திரைக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும், அது வீண் செலவு அல்ல.

பழைய அலுவலக மடிக்கணினிகளைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்குவோர், இன்டெல் எனில் பிராசஸர் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு (வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறுவதில்லை.

எங்கள் கடையில் எந்த மாடலையும் அரைமணி நேரம் உட்கார்ந்து இயக்கிப் பார்க்கலாம். பத்து இணையப் பக்கங்களைத் திறந்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதனிடையே ஒரு பக்கம் தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டோம்.

முன்பு எங்களிடம் 4 ஜிபி மடிக்கணினி வாங்கியவர்கள் அதை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கோப்புகளைப் பிரதி எடுத்து, இடத்தைச் சீர்செய்து, விருப்பமுள்ளவர்களுக்கு விண்டோஸுக்கு மாற்றாக, குறைந்த ரேமிலும் இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவித் தருவோம். இதற்குக் கட்டணம் இல்லை; சார்ஜரையும் கடவுச்சொல்லையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
கடை நிர்வாகத்தார்