ஏன் வரவில்லை என்று சொன்னவர்களுக்கு நன்றி

சென்னை கண்ணகி நகர் அக்காக்களுக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், எங்கள் தன்னார்வக் குழுவுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, கருத்தடை ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டு அதன் காரணத்தை வாய்திறந்து சொன்ன பெண்களுக்கு. அந்தரா என்ற இந்த ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசிக்கு வந்தவர் அடுத்ததற்கு வராவிட்டால், பதிவேட்டில் ‘தொடரவில்லை’ என்று எழுதுவதோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருந்ததை நீங்கள்தான் சொன்னீர்கள். மாதவிலக்கு நின்றுபோனால் கெட்ட ரத்தம் வயிற்றிலேயே தங்கிவிடுமோ என்ற பயம். மாமியாரின் கேள்விகள். அடையாறுக்கும் திருவான்மியூருக்கும் வீட்டு வேலைக்காக விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர், காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும்.

அடுத்த நன்றி செவிலியர்களுக்கு. “முதலிலேயே சொன்னோமே” என்று ஒருவர்கூட எரிச்சல்படவில்லை. ஒரு சகோதரி, காலியான மாத்திரை அட்டையைத் திருப்பி அதன்மேல் பேனாவால் கருப்பையை வரைந்தார். இந்த ஊசி போட்டால் உள்சவ்வு மெலிதாகவே இருக்கும், வெளியேறுவதற்கு ரத்தம் சேர்வதே இல்லை, பிறகு எது தங்கும் என்று கேட்டார். எதிரே இருந்த பெண் அந்த அட்டையை மாமியாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார். அதிலிருந்துதான், ரத்தப்போக்கு மாறும் என்பதை ஊசிக்கு முன்பே படம் போட்டுச் சொல்லும் வழக்கம் வந்தது.

மாதக் கூட்டத்தில் விட்டுப்போனவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம், அது பலித்ததா என்று அடுத்த மாதம் பார்ப்பது என்ற முறைக்கு இடம்கொடுத்த மருத்துவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஊசி நேரத்தை மதியத்துக்கு மாற்றியதும், நாள் தவறினாலும் நான்கு வாரம் வரை போட்டுக்கொள்ளலாம் என்று ஊசி அட்டையில் பெரிதாக எழுதியதும் அப்படி வந்தவைதான். “கைபேசி வீட்டுக்காரரிடம் இருக்கும், செய்தி அனுப்ப வேண்டாம்” என்று ஓர் அக்கா எச்சரித்ததால், இப்போது சுய உதவிக் குழுப் பெண்கள் நேரில் போய் நினைவூட்டுகிறார்கள். அவர்களுடைய கால்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

குடும்பநலத் திட்டத்தில் இலக்கு வைத்து ஆள் சேர்க்கும் முறையை 1996இல் இந்திய அரசு கைவிட்டது. ஆனாலும் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கும் பழக்கம் லேசில் போவதில்லை. வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதையும் மதித்து, சாயா என்ற கருத்தடை மாத்திரையா, கருப்பையில் வைக்கும் காப்பர்-டியா, இப்போதைக்கு எதுவுமே இல்லையா என்று அவரிடமே விட்ட உங்கள் பொறுமை எங்களுக்குப் பெரிது.

ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும் நன்றி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. இந்தப் பாரம் முழுவதும் பெண்கள்மேல் விழுவது நியாயமே அல்ல. ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சையில் கத்தி, தையல் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம் என்று கேட்டதும் நீங்கள் அடுக்கிய சந்தேகங்களை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் மருத்துவர் அவற்றுக்குப் பதில் சொல்கிறார். சவாரி முடித்து வர வசதியாக இரவு எட்டு மணிக்கு வைத்திருக்கிறோம், அவசியம் வாருங்கள்.